பதின்மூன்றாவது அடி

என் முதுகைக் கிழித்தவன் நீ. என் இடது காதைச் செவிடாக்கியவன் நீ. பெரிய வெள்ளியன்று காலையில், கோயில் மைதானத்தில், பங்குச் சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, ஆண்டவருடைய பாடுகளை நடித்துக் காட்டுகிறோம் என்ற பெயரில் அதைச் செய்தாய். கை தவறிப்போய் விழுந்த அடி இல்லை. வீட்டில் உட்கார்ந்து யோசித்து, சாமான் தயார் பண்ணி எடுத்து வந்து அடித்த அடி.

உன் பெயரை நான் எழுதப் போவதில்லை. என் பெயரும் இதில் இல்லை. பங்கில் இருக்கிறவர்களுக்கு இரண்டும் தெரியும். மற்றவர்களுக்கு நடந்தது தெரிந்தால் போதும்.

நான் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் வேலை பார்க்கிறவன். தோளில் சாக்கைப் போட்டு ஐஸ் பாரைத் தூக்கி, மிஷினில் தள்ளி உடைத்து, படகுக்கும் மார்க்கெட்டுக்கும் ஏற்றி அனுப்புவேன். அப்பா மில்லில் இருந்தார். மில் மூடிய பிறகு கிடைத்த வேலையெல்லாம் பார்த்தார். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடப் பூசைக்குப் போகாமல் இருந்ததில்லை. வீட்டில் சோறு இல்லாத நாளிலும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போவார். எங்களையும் இழுத்துக்கொண்டு போவார். எனக்கு விசுவாசம் அந்த மாதிரிதான் வந்தது, காதைப் பிடித்து இழுத்து.

எங்கள் பங்கில் இரண்டு தெரு. கோயிலைச் சுற்றி இருப்பது உங்கள் தெரு. தண்ணீர் டேங்குக்கு அந்தப் பக்கம் இருப்பது எங்கள் தெரு. ஒரே ஞானஸ்நானத் தொட்டி, ஒரே பூசை, ஒரே சாமியார். ஆனால் தேர் வந்தால் தண்ணீர் டேங்கோடு திரும்பிவிடும். ஏன் என்று கேட்டால் எங்கள் தெருவில் கரண்ட் கம்பி தாழ்வாக இருக்கிறது என்பார்கள். கம்பியை உயர்த்திப் பல வருஷம் ஆகிறது. தேர் இன்னும் டேங்கோடுதான் திரும்புகிறது.

தவக்காலத்து நாடகத்திலும் அப்படித்தான். ஆண்டவர் வேஷம் உங்கள் தெருவுக்கு. மாதா, சீடர்கள், பிலாத்து எல்லாம் உங்களுக்கு. எங்களுக்குச் சேவகர்களும், கூச்சல் போடுகிற கூட்டமும், இரண்டு கள்ளர்களும். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. எழுதாமலே எல்லோருக்கும் மனப்பாடம். பதினோரு வருஷம் நான் இடது பக்கத்துக் கள்ளன். ஆண்டவரைத் திட்டுகிறவன். உங்கள் தெருக்காரர் ஒருவர் நடுச் சிலுவையில் இருந்துகொண்டு வலது பக்கத்துக் கள்ளனைப் பார்த்து மோட்சம் கொடுப்பார். நான் இந்தப் பக்கம் தொங்கிக்கொண்டு அவருடைய பின்மண்டையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த வருஷம் இருந்த பங்குச்சாமியார் இதை மாற்றப் பார்த்தார். சாம்பல் புதனன்று, ஆண்டவர் வேஷத்துக்கு விருப்பம் உள்ளவர்கள் பெயர் எழுதிக் கொடுக்கலாம், எந்தத் தெருவாக இருந்தாலும் சரி, பீடத்துக்கு முன்னால் சீட்டுப் போட்டு எடுப்போம் என்றார். அங்கேயே எட்டுப் பேர் எழுதிக் கொடுத்தோம். எங்கள் தெருவில் நான் ஒருவன்தான். வயதான சிஸ்டர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டு எடுத்தார். என் பெயர் வந்தது.

கோயிலில் ஃபேன் ஓடுகிறது மட்டும் கேட்டது. பீடத்துக்கு முன்னால் விழுந்த சீட்டை யார் எதிர்க்க முடியும்? அதனால் யாரும் எதிர்க்கவில்லை. அடுத்த ஞாயிறு நீயும் உன் கூட்டாளிகள் மூன்று பேரும் சாமியாரிடம் போய், இந்த வருஷம் நாங்கள் சேவகர் வேஷம் போடுகிறோம் என்று சொன்னீர்கள்.

இங்கேதான் நாங்கள் ஏமாந்தோம். எங்கள் தெருவே சந்தோஷப்பட்டது. ‘பாத்தியாடா, பெரிய தெருக்காரங்க எறங்கி வந்துட்டாங்க’ என்று கிழவர்கள் எல்லாம் பேசினார்கள். நீ யார்? சொல்தா வீட்டுப் பிள்ளை. உன் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். வாசலில் இன்னும் அவருடைய மெடல் போட்ட படம் தொங்குகிறது. அந்த வீட்டுப் பிள்ளை, நாங்கள் காலங்காலமாகப் போட்ட தகரத் தொப்பியைப் போட்டுக்கொள்கிறேன் என்று வந்தால் நாங்கள் என்ன நினைப்போம்? தாழ்ச்சி என்று நினைத்தோம். சாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘பரிசுத்த ஆவி வேலை செய்யறார்ப்பா’ என்றார். அவர் கண்ணில் தண்ணீர். நானும் அழுதேன். சவுக்கு யார் கைக்குப் போகிறது என்று எங்களில் ஒருவன் கூட யோசிக்கவில்லை.

அந்த வேஷத்துக்கு ஒரு முறை உண்டு. சாம்பல் புதனிலிருந்து கவிச்சி கிடையாது. நாள் முழுக்க மீன் நாற்றத்தில் நிற்கிற நான் நாற்பது நாள் ரசமும் அப்பளமும் தின்றேன். தாடியை வளர்க்க வேண்டும். பெரிய வியாழன் பூசை முடிந்ததும் பேச்சை நிறுத்த வேண்டும். வெள்ளிக்கிழமை சிலுவையிலிருந்து இறக்குகிற வரைக்கும் நாடகத்தில் ஆண்டவர் பேசுகிற வசனம் தவிர வேறு ஒரு வார்த்தை வாயில் வரக்கூடாது. இது நேர்ச்சை. மீறினால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது சாமியார் இன்னொன்றும் சொன்னார். ‘என்ன வலி வந்தாலும் வேஷத்தை விட்டு வெளிய வந்துடாத. எல்லாத்தையும் ஒப்புக்கொடு.’ சிலுவை கனக்கும், தார் ரோடு சுடும், அதைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அவரும் அதைத்தான் நினைத்துச் சொன்னார்.

மைதானத்தில் மண்ணைக் கொட்டி ஒரு தென்னந்துண்டை நட்டு, அதுதான் கற்றூண் என்று சாம்பல் பெயின்ட் அடித்திருந்தார்கள். என் கையைச் சுற்றிக் கட்டினாய். இறுக்கிக் கட்டினாய். தத்ரூபமாக இருக்கட்டும் என்று செய்கிறாய் என நினைத்தேன். அங்கியை இடுப்பு வரை இறக்கினார்கள். நாங்கள் சேவகர் வேஷம் போட்ட காலத்தில் சவுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நானே செய்திருக்கிறேன். பழைய வேட்டியைக் கிழித்து முறுக்கி, சிவப்புச் சாயத்தில் முக்கி வைப்போம். அடித்தால் பொத்தென்று சத்தம் வரும், சிவப்புக் கோடு விழும், வலிக்காது. பன்னிரண்டு அடி. ஒவ்வொரு அடிக்கும் மேளக்காரர் ஒரு தட்டு தட்டுவார். உபதேசியார் மைக்கில் எண்ணுவார். கூட்டமும் சேர்ந்து எண்ணும்.

முதல் அடியிலேயே தெரிந்துவிட்டது. பொத்தென்ற சத்தம் இல்லை. விசில் மாதிரி ஒரு சத்தம், அப்புறம் நெருப்பு. துணிக்குள் வேறு ஏதோ இருக்கிறது. திரும்பிப் பார்த்தேன். தகரத் தொப்பிக்குக் கீழே உன் முகம். நீ சிரிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாய்.

‘ரெண்டு’ என்றார் உபதேசியார். ரெண்டு என்றது கூட்டம்.

கத்தியிருக்கலாம். ‘நிறுத்துங்கடா, இது துணி இல்லடா’ என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் முடிந்திருக்கும். என் நாக்கு மேலே எழும்பவில்லை. நேர்ச்சை. ஒப்புக்கொடு என்ற சொல். மூன்று, நான்கு, ஐந்து. தென்னந்துண்டில் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டேன். பெயின்ட் உரிந்து வாய்க்குள் போனது. ஏழாவது அடி ஐந்தாவது அடி விழுந்த இடத்திலேயே விழுந்தது. தோல் பிரிகிறது எனக்குத் தெரிந்தது. மீனைச் செதில் எடுக்கும்போது வருகிற மாதிரி ஒரு சத்தம், என் உடம்பிலிருந்து. கூட்டத்தில் பொம்பளைகள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். ‘அய்யோ ஆண்டவரே, அய்யோ ஆண்டவரே’ என்றார்கள். இத்தனை வருஷத்தில் இந்த மாதிரி ஒரு நாடகம் பார்த்ததில்லை என்று பிற்பாடு பேசிக்கொண்டார்களாம். ஒன்பது. பத்து. பதினொன்று.

பன்னிரண்டு என்றதும் மேளம் நின்றது. நான் முழங்காலில் விழுந்தேன். அப்படித்தான் பழக்கியிருந்தார்கள், விழ வேண்டும். பழக்கியிருக்காவிட்டாலும் விழுந்திருப்பேன். உபதேசியார் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். மைக்கில் தாள் சரசரக்கிற சத்தம் கேட்டது. ஆட்டம் முடிந்துவிட்டது. பன்னிரண்டு அடிதான் எழுதியிருக்கிறது.

நீ குனிந்து என் காதோடு வாயை வைத்துச் சொன்னாய்.

‘இப்ப கடவுளாடா நீ?’

அதன் பிறகு நிமிர்ந்து பதின்மூன்றாவதை அடித்தாய். மேளம் இல்லை. எண்ணிக்கை இல்லை. முதுகில் இல்லை, காதில்.

கொஞ்ச நேரம் எதுவும் கேட்கவில்லை. அப்புறம் சங்கு ஊதுகிற மாதிரி ஒரு சத்தம் ஆரம்பித்தது. இன்றைக்கும் அது நிற்கவில்லை. பூசையில் மணி அடிக்கும்போதும் அந்தச் சத்தத்தோடு சேர்த்துத்தான் கேட்கிறேன்.

சிலுவையைத் தோளில் வைத்தார்கள். சிலுவைப்பாதையில் ஸ்தலம் ஸ்தலமாக நடந்தேன். ஆறாவது ஸ்தலத்தில் முகத்தைத் துடைக்கிற வெரோணிக்கம்மாளாக வந்தது எங்கள் தெருப் பெண், துணிக்கடையில் வேலை பார்ப்பவள். அந்த வேஷமும் அந்த வருஷம் புதிதாக எங்களுக்குக் கொடுத்ததுதான். துணியை என் முகத்தில் ஒற்றியவள் அப்படியே நின்றாள்.

‘அண்ணே, இது சாயம் இல்லண்ணே. நெசமாவே ரத்தம்ணே.’

நான் பேசவில்லை.

‘அண்ணே, சொல்லுண்ணே! இன்னா ஆச்சி? காதுலருந்து வருதுண்ணே!’

நான் அவளைத் தள்ளிவிட்டு நடந்தேன். அவள் ஓடிப்போய் உபதேசியாரிடம் சொல்லியிருக்கிறாள். ‘நல்லாத்தாம்மா நடிக்கிறான், நீ எடத்துக்குப் போ’ என்றாராம்.

தண்ணீர் டேங்கு வந்தது. எங்கள் தெருவே வந்து முனையில் நின்றிருந்தது. என் பெண்டாட்டி முதல் ஆளாக நின்றாள். எனக்கு ஒரு பைத்தியக்கார எண்ணம். இன்றைக்கு ஆண்டவர் நான்தானே, நான் போகிற பக்கம்தானே ஊர்வலம் வர வேண்டும், நேராக நடந்தால் என்ன? ஒரு அடி எடுத்து வைத்தேன். நீ சவுக்குப் பிடியை என் விலாவில் குத்தித் திருப்பினாய். திரும்பினேன். சிலுவையைச் சுமந்தவன் நான். என் தெருவுக்குள் நான் போக முடியவில்லை.

சிலுவையிலிருந்து இறக்கி சாமியார் பூசை உடுப்பு மாற்றுகிற சக்கிரிஸ்துக்குள் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். அங்கி முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பெண்டாட்டி தண்ணீரை ஊற்றி ஊற்றி உரித்தாள். பாதி வந்ததும் அவள் கை நின்றுவிட்டது. ‘யார்யா இது? யார்யா இப்படி பண்ணது?’ என்றாள். சாமியார் மூலையில் கிடந்த சவுக்கை எடுத்துத் துணியைப் பிரித்தார். உள்ளே கறுப்புக் கேபிள். நுனியில் ரப்பரை உரித்துச் செம்புக் கம்பியை முடிச்சுப் போட்டிருந்தது. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

‘ஸ்டேஷனுக்குப் போறேன் சாமி. இத எடுத்துக்கினு இப்பவே போறேன்’ என்றாள் பெண்டாட்டி.

‘வேணாம்மா. பெரிய வெள்ளிம்மா இன்னிக்கி. ரெண்டு தெருவும் வெட்டிக்கும். பங்கே ஒடைஞ்சிரும்.’

‘இவுரு முதுகு ஒடஞ்சிது, அது பரவால்லியா சாமி?’

அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். ‘ஒப்புக்கொடுப்பா. வெளிய பேசாத.’

நான் ஒப்புக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் ஐஸ் மிஷின் பெல்ட் அறுந்து அடித்துவிட்டது என்று சொன்னேன். டாக்டர் நம்பவில்லை, எழுதிக்கொண்டார். சவுக்கை எறிந்துவிடச் சொன்னார் சாமியார். நான் பையில் போட்டு எடுத்து வந்து பரணில் வைத்தேன். அந்தச் சாமியாரை நான் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். நல்லவர், பயந்தவர். அடுத்த வருஷம் மாற்றலாகிப் போனார். போகிற நாளில் என் காதைப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறினார். சீட்டுப் போடுகிற முறையும் அவரோடு போயிற்று. சேவகர் வேஷத்தை நீங்கள் அடுத்த வருஷமே எங்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள்.

ஈஸ்டர் பூசையில் நன்மை வாங்க, ஆண்டவருடைய உடலான அப்பத்தை வாங்க, வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நீ. வெள்ளைச் சட்டை. கைகூப்பிப் போய் நாக்கை நீட்டினாய். ஆண்டவரை வாங்கிக்கொண்டாய். சிலுவை போட்டுக்கொண்டு திரும்பி என்னைக் கடந்து போனாய். என் சட்டைக்குள் கட்டு ஊறிக்கொண்டிருந்தது. உன் வாய்க்குள் போனவரைத்தான் நானும் வாங்க வேண்டும். என்னால் முடியவில்லை. வரிசையை விட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். காணிக்கை கொடுக்கிறதற்கு முன்னால் சகோதரனோடு சமாதானமாகிவிட்டு வா என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். நீ வருவாய், ஒரு வார்த்தை சொல்வாய், அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று வருஷம் ஆகப்போகிறது. ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்குப் போகிறேன். ஒவ்வொரு ஞாயிறும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். வேறு யார் எங்கே கூப்பிட்டாலும் எனக்கு அது ஒன்றுதான் வேண்டும், நன்மை வாங்க வேண்டும்.

மச்சான் தவளக்குப்பத்தில் இருக்கிறான். அங்கே ஒரு சபையில் சேர்ந்திருக்கிறான்.

‘மாமா, எங்க சபைக்கு வந்துருங்க. அங்க தேரும் கெடையாது, தெருவும் கெடையாது. பாட்டு, ஜெபம், போய்க்கினே இருக்கலாம்.’

‘அடிச்சவன் உள்ள உக்காந்துக்கினு இருப்பான். அடி வாங்கனவன் வெளிய போவணுமாடா?’

‘அப்ப இன்னா பண்ணப் போறீங்க?’

‘உக்காந்திருப்பேன்.’

‘உக்காந்தே செத்துருவீங்க மாமா’ என்று சிரித்தான்.

துறைமுகத்தில் கூட வேலை பார்க்கிறவர்கள் என் முதுகைப் பார்த்துவிட்டு வேறு மாதிரி சொன்னார்கள். ‘ஆளு யாருன்னு மட்டும் காட்டுண்ணே. ரெண்டு முட்டியையும் எடுத்துர்றோம்.’ விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் வேண்டாம் என்றேன். அன்றைக்கு முழுக்க ஐஸ் பாரை உடைக்கிற ஒவ்வொரு முறையும் உன் முட்டியை நினைத்துக்கொண்டேன். அதையும் எழுதிவிடுகிறேன், மறைக்க ஒன்றும் இல்லை.

ஆண்டவர்மேல் எனக்குக் கோபம் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கோயிலுக்குப் போய் அவர் முகத்தைப் பார்த்தே திட்டினேன். உனக்காகத்தானே வாயை மூடிக்கொண்டிருந்தேன், நீ என்ன செய்தாய் என்று கேட்டேன். மறுநாளும் போய்த் திட்டினேன். திட்டுவதற்காகவாவது தினமும் போனேன். வேறு எங்கே போவது? என்னைத் தெரிந்தவர் அங்கேதான் இருக்கிறார்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். இது இதுவரை யாருக்கும் தெரியாது, எனக்கும் உனக்கும் பாவசங்கீர்த்தனம் கேட்ட சாமியாருக்கும் பெரிய மார்க்கெட்டில் அன்று இருந்த நாலு மீன்காரம்மாக்களுக்கும் தவிர.

போன வருஷம், தவக்காலத்துக்கு முன்னால், காலை நேரம். மீன் கடைகளுக்கு ஐஸ் இறக்கிக்கொண்டிருந்தேன். ‘யோவ் ஐஸு, ஓரமா வெய்யி, கால்ல உழுது’ என்று ஒரு அம்மா கத்திக்கொண்டிருந்தார். நீ வஞ்சிரம் வாங்கிக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும் போய்விடுவாய் என்று நினைத்தேன். போகவில்லை.

‘இன்னாப்பா, நன்மை வாங்காம உக்காந்துக்கினே கீறியாம்? ஊரே பேசுது’ என்றாய்.

‘நீ வந்து பேசுவேன்னு உக்காந்திருக்கேன்.’

‘நான் இன்னா பேசணும்? நான் அப்பவே பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். சாமியார் மன்னிச்சிட்டாரு. ஆண்டவரே முடிச்சிட்டாரு. உனக்கு இன்னா வந்துது?’

‘எங்கிட்ட கேக்கலியே.’

நீ மீன் பையை வாங்கிக்கொண்டே சொன்னாய். ‘உங்கிட்ட வேற கேக்கணுமா? நீ இன்னும் அந்த வேஷத்தக் கலைக்கலியா?’

என் கையில் ஐஸ் கொக்கி இருந்தது. இரும்பு முனை கீழே, மரக் கைப்பிடி மேலே. எந்தப் பக்கத்தால் அடிக்கிறேன் என்று நான் யோசிக்கவில்லை. கட்டைப் பக்கம் பட்டது. அது ஆண்டவர் பார்த்த வேலை, என் வேலை இல்லை. உன் வாயில் இறங்கியது. உதடு பிளந்தது. நீ மீன் தண்ணீரில் மல்லாந்து விழுந்தாய். ஒரு பல் ஐஸ் குவியலின் மேல் கிடந்தது, கீழே இருந்த ஐஸ் சிவந்துகொண்டு வந்தது. நான் கொக்கியைத் திருப்பிப் பிடித்தேன். இரும்பு முனை உன் கழுத்துக்கு நேராக இருந்தது. உன் கண் என் கண்ணைப் பார்த்தது. அந்த நேரத்தில் எனக்கு உன் காதில் ஒன்று கேட்க வேண்டும் போல இருந்தது. நீ என்னிடம் கேட்டதையே. வாய் வரைக்கும் வந்தது. அது வந்ததும் கொக்கியைப் போட்டுவிட்டேன்.

கூட்டம் கூடியது. யாரோ ‘இன்னாச்சி, இன்னாச்சி’ என்றார்கள். நீ எழுந்து, வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, ‘வழுக்கிடுச்சி’ என்றாய்.

‘நல்லாத்தான் வழுக்குது’ என்றார் மீன்காரம்மா. உன் பல்லை எடுத்து இலையில் வைத்து நீட்டினார். ‘இந்தாப்பா, உன் சாமான உட்டுட்டுப் போற.’

நீ ஏன் வழுக்கிவிட்டது என்று சொன்னாய் என எனக்குத் தெரியும். நான் அடித்தேன் என்றால் ஏன் அடித்தேன் என்று கேட்பார்கள். நான் ஆஸ்பத்திரியில் சொன்ன பெல்ட்டும் நீ சொன்ன வழுக்கலும் ஒரே பொய்தான்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். இப்போது இருக்கிற சாமியார் இளவயது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ‘நீங்க அவரை அடிச்சதுக்கு நீங்க போய் மன்னிப்புக் கேளுங்க’ என்றார்.

‘அவன் மொதல்ல கேக்கட்டும் சாமி.’

‘அவர் கேக்கறாரா இல்லையான்னு நீங்க பாக்காதீங்க. உங்க பங்கை நீங்க செய்ங்க. வெளியே செஞ்சதை வெளியே சரி பண்ணுங்க.’

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பாவசங்கீர்த்தனக் கூண்டை உடைத்திருப்பேன். அடி வாங்கினவனையே மறுபடியும் மண்டியிடச் சொல்கிறாரே என்று இருந்தது. ஒரு நாள் உன் வீட்டு கேட் வரைக்கும் வந்தேன். உன் தாத்தா படத்திலிருந்து மெடலோடு பார்த்துக்கொண்டிருந்தார். உன் அம்மா வந்து, ‘இன்னா வேணும்?’ என்றார். உள்ளே வா என்று இல்லை, இன்னா வேணும். நான் ஒன்றும் இல்லை என்று திரும்பினேன்.

பெண்டாட்டி அன்றைக்குத்தான் பொறுமை இழந்தாள். ‘யோவ், நீ நன்மை வாங்காம உக்காந்திருக்கறது யாருக்குய்யா வலிக்குது? அவனுக்கா? அவன் வாரா வாரம் வாங்கிக்கினு போறான். எனக்குத்தான் வலிக்குது. பக்கத்துல ஒரு பொணம் மாதிரி உக்காந்திருக்க. பேசு. இல்ல, எழுது. பரண்ல கெடக்கறத மட்டும் கீழ எறக்காத.’

அவள் பரணைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்த வருஷம் ஆண்டவர் வேஷம் உனக்கு. தாடி வளர்த்துக்கொண்டிருக்கிறாய், பார்த்தேன். சேவகர்கள் வழக்கம்போல எங்கள் தெரு. எங்கள் தெருப் பையன்களுக்கு யார் மூலமாகவோ எல்லாம் தெரிந்திருக்கிறது. போன ஞாயிறு பூசை முடிந்து நாலைந்து பேர் என் வீட்டுக்கு வந்தார்கள்.

‘பெரியப்பா, இந்த வாட்டி சவுக்கு நீங்க புடிங்க’ என்றான் ஒருவன்.

‘துணிச் சவுக்கு நாங்க செஞ்சித் தரவா? இல்ல, உங்ககிட்டயே ஒண்ணு இருக்குதாமே?’ என்றான் இன்னொருவன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

பெண்டாட்டி கரண்டியோடு வந்து அவர்களைத் துரத்தினாள். நான் முடியாது என்று சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மறுநாள் பரணில் ஏறி அதை எடுத்துப் பார்த்தேன். துணி காய்ந்து கறுத்து மொறமொறவென்று இருக்கிறது. செம்பு முடிச்சு பச்சை பிடித்திருக்கிறது. கைக்கு நன்றாகப் பொருந்துகிறது. எண்ணிப் பார்த்தேன், ஒன்று, இரண்டு என்று பன்னிரண்டு வரைக்கும். நீயும் பேசமாட்டாய். நீயும் நேர்ச்சையில் இருப்பாய். கூட்டம் அழும். நன்றாக நடிக்கிறான் என்பார்கள்.

அப்போது என் காதில் உன் குரலே கேட்டது. இப்ப கடவுளாடா நீ?

இல்லை. நான் கடவுள் இல்லை. அன்றைக்கும் இல்லை. அடி வாங்கினபோது நான் வாயை மூடிக்கொண்டிருந்தது அவருக்காக. இன்றைக்கு வாயைத் திறக்கிறதும் அவருக்காகத்தான். இரண்டில் எது கஷ்டம் என்று கேட்டால், இதுதான். சவுக்கை எடுத்து சாக்கில் சுற்றி நேற்று சாமியாரிடம் கொடுத்துவிட்டேன். அவர் அதை மைக்குக்குப் பக்கத்தில், பீடத்துப் படியில் வைத்திருக்கிறார். பூசைக்கு வருகிறவர்கள் என்ன அது என்று கேட்கிறார்கள். நீயும் பார்த்திருப்பாய்.

சாமியார் சொன்ன என் பங்கை இங்கே செய்கிறேன். பெரிய மார்க்கெட்டில் உன் வாயில் அடித்தவன் நான். நீ வழுக்கி விழவில்லை. உன் பல்லை உடைத்தவன் நான். உன் கழுத்தில் கொக்கியை வைத்தவன் நான். அது பாவம். எல்லோரும் படிக்கிற இடத்தில் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். வருகிற குருத்து ஞாயிறு பூசையில், நன்மை கொடுப்பதற்கு முன்னால், மைக்கில் நின்று இதையே வாயால் சொல்வேன். சாமியாரிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார்.

நான் சொல்லி முடித்ததும் மைக் அங்கேயே இருக்கும். சவுக்கும் அங்கேயே இருக்கும்.

நீ கூண்டுக்குள் சொன்னதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அது உனக்கும் ஆண்டவருக்கும். நீ என்னை அடித்தது கூண்டுக்குள் இல்லை. மைக் வைத்து, மேளம் வைத்து, எண்ணி எண்ணி, பங்கு முழுக்கப் பார்க்க அடித்தாய். பன்னிரண்டைப் பற்றிக்கூட நான் கேட்கப் போவதில்லை. அது நாடகத்தில் எழுதியிருந்தது என்று நீ சொல்லலாம். எனக்கு ஒரே கேள்வி. மேளம் நின்ற பிறகு, நான் விழுந்த பிறகு, யாரும் எண்ணாத அந்தப் பதின்மூன்றாவது அடியை ஏன் அடித்தாய்?

எழுந்து வா. மைக்கைப் பிடி. இரண்டு தெருவுக்கும் கேட்கச் சொல்லு.